உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்து

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, தபாலில் சேர்த்தது நான்தான். ஆகவே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் அறக்கட்டளை ஆண்டுதோறும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துக் கல்லூரியில் படிக்கவைக்கிறது. கட்டணம், விடுதி, புத்தகம் என்று நான்காண்டுச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும். பன்னிரண்டு இடங்களுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் விண்ணப்பங்கள் வரும். ஒவ்வொரு தாளையும் படித்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவது என் வேலை. பதினாறு வருடங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். நானும் கேளாதது போல இருந்துவிடுவேன்.

அந்த வருடம் நேர்காணலில் மூன்றாவதாக வந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மடிப்பு. அவள் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் வீட்டில் தனியாக விட மனமில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். சும்மா உட்காரப் பிடிக்காத பிள்ளை, மேசையோரம் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று படுக்கை விரிப்புகளை மடிக்கத் தொடங்கியது. விளிம்போடு விளிம்பு ஒரு நூல் பிசகாது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இது யாரு மடிப்பு?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மடிப்பதைவிட அவளுக்குப் பிடித்தது எந்திரங்கள். துவைக்கும் எந்திரம் பழுதாகி மெக்கானிக் வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் உருளை ஏன் கிடந்து குதிக்கிறது என்பதைப் பற்றித்தான் விண்ணப்பக் கட்டுரையில் எழுதியிருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வறுமையைப் பற்றி எழுதியிருந்தார்கள். தேர்வுக் குழுவில் இருந்த டாக்டரம்மா அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தார். மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல் படிப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். தாள்கள் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

தாள்கள் சரியாக இல்லை. பன்னிரண்டில் இரண்டு இடங்கள் தனித்து வளர்க்கும் தாயின் அல்லது தகப்பனின் பிள்ளைகளுக்கு. அவள் அதில்தான் வந்திருந்தாள். தந்தை என்ற கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் அப்படியே. ஆனால் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. நான் வட்டம் போட்டேன். ஏழு நாளுக்குள், அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழைச் சேர்க்காவிட்டால் தேர்வு ரத்தாகும் என்று கடிதம் போனது. விதிகளை எப்போதும்போல் கடிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தோம்.

கடிதம் கிடைத்த மறுநாள், இறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க மடிப்பு நேராகச் சலவைக்கூடத்துக்கே போனாள். அம்மா பிழியும் எந்திரத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் ஆறு எந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால்தானோ என்னவோ, பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொல்ல அம்மா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். கடிதத்தைப் படித்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், என்னவோ சொன்னாள். மகளுக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினாள். அம்மா இன்னும் உரக்கச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, இருந்ததிலேயே பெருஞ்சத்தம் போடும் பிழியும் எந்திரம் தன் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது.

"உங்கப்பா சாகலடி. உயிரோடதான் இருக்காரு."

கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கையிலிருந்த விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மடிப்பு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், துணி ஏற்றும் வண்டிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அழுகை வரல மேடம். ஐயோ, சான்றிதழ் கிடைக்காதேன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்படித் தோணுச்சேன்னு அப்புறம் பயமா இருந்துச்சு."

நடந்தது இதுதான். அவளுக்கு ஐந்து வயதாகும்போது அப்பா வேலை தேடுவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாள் அம்மா. பின்னால் நீண்ட வரிசை. அப்பா எங்கே, கையெழுத்துப் போட வரவில்லையா என்று பள்ளி எழுத்தர் கேட்டார். "அவர் இல்லைங்க" என்றாள். ஊரில் இல்லை என்றுதான் சொல்ல வந்தாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், அடடா என்றார், 'காலமானார்' என்று எழுதினார். அம்மாவுக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள். திருத்தச் சொல்லவில்லை. ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்பதைவிட அது கௌரவமாகத் தெரிந்தது. வீட்டில் மகள் கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டாள். ஒரு சொல், ஒரு கட்டம்; அதற்குமேல் பன்னிரண்டு வருடம் அடுக்கியாகிவிட்டது.

அப்பா இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். வேறு குடும்பம், ஒரு மகன். முறைப்படி பிரிவு என்று எதுவும் நடக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த நகலெடுக்கும் கடைக்காரர், சனிக்கிழமைக்குள் அசலே தோற்றுப்போகும்படி ஒரு இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார். பெயர், நாள், காரணம் மூன்றும் சொன்னால் போதும். காரணம் என்ன போட என்று அவர் கேட்டபோது அம்மா திணறிப்போய், "காய்ச்சல்" என்றாளாம்.

மகள் வேறு வழியில் இறங்கினாள். கடிதத்தின் பின்பக்கத்தை, யாருமே படிக்காத அந்தப் பொடி எழுத்து விதிகளை, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஒன்பதாவது விதி அவள் கண்ணில் பட்டது: பெற்றோரில் ஒருவர் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளையின் வளர்ப்புக்கும் படிப்புக்கும் தாம் எவ்வகையிலும் உதவவில்லை என்று அவரே கையொப்பமிட்ட வாக்குமூலம் வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் அந்த வாக்குமூலத்தை அழகான கையெழுத்தில் எழுதினாள். கையொப்பத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டாள்.

"நான் அங்க வரமாட்டேன், அந்த ஆள் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை அவள் தனியாகப் பேருந்து ஏறினாள்.

அம்மா சொன்ன இடத்தில் கடை தேடாமலே கிடைத்தது. தகரக் கூரை, வாசலில் அடுக்கிய பழைய டயர்கள், ஒரு காற்றடிக்கும் எந்திரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியருகே குந்தியிருந்த மனிதர் காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்தலை வழுக்கை. காதுகள் இரண்டும் வெளியே தள்ளி நின்றன. அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம்.

"என்னம்மா, சைக்கிளா?" என்றார் நிமிராமல்.

"நான் உங்க பொண்ணு."

அவர் கை ட்யூபை இன்னும் ஆழமாக அமுக்கியது. ஓரிடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்கு உள்ளே ஒருமுறையும் சாலைப் பக்கம் ஒருமுறையும் பார்த்தார்.

யார் அனுப்பினார்கள், உன் அம்மா வழக்குப் போடப்போகிறாளா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யாரும் அனுப்பவில்லை, உங்களிடம் எதுவும் கேட்டு வரவில்லை, இந்தத் தாளில் ஒரு கையெழுத்து போதும் என்று சொல்லி நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஈரக்கையோடு தாளை வாங்காமல், அவள் பிடித்திருக்க, எட்டிப் படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி. நாளைக்கு இதையே தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போகமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்தபடிகூட, "உங்க புக்குல நான் செத்துட்டேன்ல? அப்படியே இருந்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார்.

அந்தச் சிரிப்புத்தான் தன்னை அங்கேயே நிறுத்திவைத்தது என்றாள் மடிப்பு. அவர் அதட்டியிருந்தால் திரும்பியிருப்பாளாம்.

அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு பெண் வந்தாள். யார் இந்தப் பெண் என்று கேட்டாள். விலாசம் கேட்டு வந்தாள் என்றார் அவர். வந்தவள் விலாசம் கேட்டவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ன பேப்பர்?" என்று கையை நீட்டினாள்.

கொடுக்கலாமா வேண்டாமா? கொடுத்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று மடிப்புக்குத் தெரியவில்லை. கொடுக்காவிட்டால் தன் கதை என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரிந்தது. கொடுத்தாள். அவர் எழுந்து பிடுங்க வந்தார். அந்தப் பெண் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்து முடித்தாள். பிறகு மடிப்பிடம் சொன்னாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பொண்டாட்டியும் பொண்ணும் காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு."

மடிப்புக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரப் பார்த்ததாம். அங்கே அவர் செத்திருக்க, இங்கே அம்மாவும் தானும் காய்ச்சலில் போயிருக்கிறார்கள். நகல் கடையில் தயாராகும் சான்றிதழில் அவரும் காய்ச்சலில்தான் போயிருக்கிறார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது, பிற்பாடுதான் தெரிந்தது.

"நீ கிளம்பும்மா. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது சாயங்காலம்தான்," என்றாள் அந்தப் பெண். தாளைத் திருப்பித் தரவில்லை.

"திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள…"

"படிச்சேன். போட்டிருக்கு."

வாக்கும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பேருந்து முழுக்க மடிப்பு அந்த இரண்டு சொற்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாயும் மகளும் என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது எனக்கு மேலே சொன்ன எதுவும் தெரியாது. முறை வந்ததும் கூப்பிட்டேன். சான்றிதழ் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். அம்மாவின் கை தோள்பையின் ஜிப்பைத் திறந்தது. உள்ளே ஒரு தாளின் மூலை எட்டிப் பார்த்தது. அதில் ஊதா நிற முத்திரை.

பதிவு அலுவலகம் ஊதா முத்திரையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பச்சை. அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் நான் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். பிறகு தேர்வு ரத்து மட்டுமல்ல. போலிச் சான்று வந்தால் காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எழுதவேண்டியவளும் நான்தான். அந்த நொடியில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையில் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் தன் கையைப் பையின் மேல் வைத்தாள். அம்மா இழுத்தாள். மகள் கையை எடுக்கவில்லை. பையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மேடம், எங்கப்பா சாகல. விண்ணப்பத்துல எழுதினது தப்பு. எழுதும்போது எனக்குத் தெரியாது."

அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாவது விதிப்படி அப்பாவின் வாக்குமூலத்தைக் கேட்டு வந்திருப்பதாக மகள் சொன்னாள். நான் அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு செயலாளரின் அறைக்குள் போனேன். எங்கள் செயலாளர் நாற்பது வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தப்பான தகவல் தப்பான தகவல்தான், தெரிந்து எழுதினாலும் தெரியாமல் எழுதினாலும், என்றார். ஆனாலும் மூன்று மணிக்குக் குழு கூடுகிறது, ஐந்துவரை கெடு இருக்கிறது; அதற்குள் அந்த வாக்குமூலம் வந்தால் பேசலாம், வராவிட்டால் பேச்சே இல்லை என்றார். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்தவள் கல் உடைப்பவர் ஒருவரின் மகள். அவளும் கெட்டிக்காரி, அவள் வீட்டிலும் வழியில்லை. இரண்டு பேருக்குமான கடிதங்களையும் தட்டச்சு செய்து வைக்கச் சொன்னார். செய்தேன். ஒன்றில் வாழ்த்து, ஒன்றில் வருத்தம். பெயருக்கான இடம் மட்டும் காலியாக இரண்டும் என் மேசைமேல் கிடந்தன.

மூன்று மணி ஆயிற்று. குழுவில் மூன்று பேர்: செயலாளர், டாக்டரம்மா, அச்சகம் வைத்திருப்பவர் ஒருவர். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். நின்றுகொண்டே பள்ளியில் சேர்த்த கதையைச் சொன்னாள்.

"நான் 'இல்லை'ன்னுதான் சொன்னேன் சார். அவங்க எழுதிக்கிட்டாங்க. ஆனா திருத்தச் சொல்லல, அது என் தப்பு. என் பொண்ணு மேல போடாதீங்க."

கணவர் திரும்பி வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அச்சகக்காரர் கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை. அவள் கொஞ்சம் யோசித்து, அதற்குப் பயந்துகொண்டேதான் பள்ளி ஆண்டு விழாவுக்கெல்லாம் போனேன் என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நாலு மணி. நாலே கால். மடிப்பு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும். வந்தவர் கூரியர்க்காரர், தண்ணீர் கேன் போடுபவர், கணக்காளர். நாலே முக்காலுக்கு எங்கள் உதவியாளர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார். வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு கொண்டியும் விழும்போது அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்ததை நான் பார்த்தேன். "இன்னும் நேரம் இருக்கு, அப்புறம் சாத்துங்க," என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சிவப்பு மை அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். தனியாக. மடிப்பு எழுந்து நின்றதைப் பார்த்து வந்தவள் யாரென்று எனக்குப் புரிந்தது. அவள் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

"அவர் வரல. கையெழுத்து வாங்கிட்டேன். ரெண்டு நாள் ஆச்சு வாங்க," என்றாள். பைக்குள்ளிருந்து தாளையும் கணவரின் அடையாள அட்டை நகலையும் எடுத்தாள். பிறகு பெஞ்சில் இருந்தவளைப் பார்த்து, "அக்கா" என்றாள்.

"நான் உனக்கு அக்கா இல்ல."

"சரிக்கா."

 வந்தவளுக்கு நிற்க முடியவில்லை. வழியில் பேருந்து பழுதாகிப் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் சரக்கு வண்டியிலும் வந்திருந்தாள். மடிப்பின் அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். தண்ணீர் பாட்டிலையும் நடுவில் வைத்தாள்.

நான் தாளை வாங்கி வருகை நேரம் எழுதினேன்: நாலு ஐம்பத்திரண்டு. அதைப் படித்தபோதுதான், கொண்டுவந்தவள் எதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள், பிரிவு முறைப்படி நடக்கவில்லை என்று அவள் கணவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தாள் அது. அந்தத் தாள் வெளியே வந்தால் அவள் கல்யாணம் செல்லாது என்றாகிவிடும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. ஏன் கொண்டுவந்தாய் என்று பின்னாளில் மடிப்பு அவளிடம் கேட்டாள். "எனக்கும் ஒருத்தன் இருக்கான், படிக்கிற புள்ள. நாளைக்கு அவனும் யார் வாசல்லயாவது நின்னா?" என்றாளாம். அவ்வளவுதான் பதில்.

குழு மறுபடி உட்கார்ந்தது. கையொப்பத்தைச் செயலாளர் அட்டையோடு வைத்து ஒப்பிட்டார். "நாற்பது வருஷத்துல செத்தவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார். கேலி இல்லை, உண்மையில் குழம்பியிருந்தார். டாக்டரம்மா கொடுத்துவிடலாம் என்றார். அச்சகக்காரர் கூடாது என்றார். இன்று இதற்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் எழுதிவிட்டுப் பிறகு திருத்துவார்கள், வரிசையில் நிற்கும் கல் உடைப்பவர் மகளுக்கு என்ன பதில் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க வேற எதாவது சான்று காட்டினாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவருடைய நாற்பது வருட அனுபவம் எதையோ மோப்பம் பிடித்திருந்தது.  ஜிப், மூலை, ஊதா முத்திரை. பதினாறு வருடமாக நான் கண்டதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"எதையும் காட்டல சார்," என்றேன்.

காட்டவில்லைதான். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பதை நான் இன்றும் மறைக்க மாட்டேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: இடம் கொடுக்கப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் பள்ளிப் பதிவேடு திருத்தப்பட வேண்டும். வாக்குமூலம் அறக்கட்டளைப் பெட்டியை விட்டு வெளியே போகாது. முதல் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்றாலும் உதவித்தொகை நிறுத்தப்படும். ஒரேயொரு மறுதேர்வுக்கு மட்டும் இடம் உண்டு. கடைசி நிபந்தனை மற்ற பதினோரு பேருக்கும் கிடையாது.

வெளியே வந்து சொன்னேன். மடிப்பு தலையை ஆட்டினாள். அவள் அம்மா தோள்பையோடு மாடிப்படியில் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் விரல்களில் ஊதா மை ஒட்டியிருந்தது. அந்தத் தாளை நனைத்துக் கசக்கி எங்கேயோ போட்டிருக்கிறாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

கல் உடைப்பவர் மகளுக்கு நான் வருத்தக் கடிதத்தை அனுப்பினேன். அடுத்த வருடம் அவள் பெயரை விண்ணப்பங்களில் தேடினேன். வரவில்லை.

கல்லூரியில் மடிப்புக்கு எந்திரங்கள் பயமில்லை. வரைபடம்தான் கொன்றது. பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து வரையும் அந்தப் பாடத்தில், மற்ற பிள்ளைகள் பள்ளியிலேயே பழகிய கருவிகளை அவள் முதன்முறையாகக் கையில் எடுத்தாள். முதல் பருவத் தேர்வில் அந்த ஒரு பாடத்தில் தோற்றாள். செய்தி என் மேசைக்கு வந்தது. இந்த முறையும் வட்டம் போட வேண்டியவள் நான்தான். போட்டேன்.

மறுதேர்வுக்கு ஐந்து வாரம். விடுதி அறைத் தோழி ஒருத்தி, சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி, சோப்பையும் உருளைக்கிழங்கையும் வெட்டிக் காட்டித்தான் அவளுக்கு வெட்டுமுகம் புரியவைத்தாளாம். இரண்டு வாரம் அந்த அறையில் உருளைக்கிழங்குக்குப் பஞ்சமே இல்லை. மடிப்பு வீட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மா தொலைபேசியில் கேட்டால் நன்றாகப் படிக்கிறேன் என்பாள். தேர்வன்று பாதித் தாளில் கை பட்டு மை கொட்டிவிட்டது. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி போய்விட்டிருந்தது. புதுத்தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து வரைந்தாள். மணி அடிக்கும்போது கடைசிக் கோடு பாக்கி. தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டே மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தாள். அந்த முடிவு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு அவள் தோற்கவில்லை. நான்காம் ஆண்டில் ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்குப் போனாள், அங்கேயே வேலையும் கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கும் பதினெட்டு எந்திரங்களும், அவற்றுக்குத் தண்ணீர் தரும் நிலையமும் அவள் பொறுப்பு. அம்மா இன்னும் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். வேலையை விடச் சொன்னால், வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்க்கச் சொல்கிறாய் என்கிறாள். அப்பாவை மடிப்பு அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தாள். இரண்டு முறையும் அவர் நலமா என்று கேட்டதற்கு மேல் பேசவில்லை. அந்த இன்னொரு பெண்ணோடு மட்டும் மாதம் ஒருமுறையாவது பேசுகிறாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லையாம். 'நான்தான் பேசறேன்' என்றே தொடங்கிவிடுகிறாள்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தபோது அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். காலை ஆறு மணிக்கு முன்னால். நோயாளிகள் கட்டில்களில் சாய்ந்து கை நீட்டியபடி காத்திருந்தார்கள். நர்ஸுகள் தயாராக நின்றார்கள். மடிப்பு தண்ணீர் நிலையத்திலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, அதில் மருந்து போட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்தத் தண்ணீர் ரத்தத்தோடு சேர்ந்தால் ஆளே போய்விடுவார்.  அவள் அவசரப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள். நிறம் மாறவில்லை.

"சரி, ஆரம்பிக்கலாம்," என்றாள்.